பிச்சைக்கு உதவாத கை

நரிக்குடியிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். ‘ஐயா, எங்க வீட்ல ஊழியக்காரங்க வரலாறு ஒரு அலமாரி நிறைய இருக்கு. எதைத் திறந்தாலும் ஒரே கதை. கப்பல்ல வந்தாரு, கஷ்டப்பட்டாரு, எல்லாரையும் நேசிச்சாரு, செத்துப் போனாரு. நெசமாவே இப்படி ஒரு மனுஷன் இருப்பானா? நம்புற மாதிரி ஒரு புத்தகம் சொல்லுங்க.’

நியாயமான கோபம். இந்த வகைப் புத்தகங்களில் யாருக்கும் எரிச்சல் வராது. யாரும் தப்பான முடிவு எடுக்க மாட்டார்கள். ‘ஆவியானவர் ஏவினார், புறப்பட்டார்’ என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். ஏவினார், சரி. மறுநாள் காலையில் எழுந்து அவர் என்னதான் வேலை பார்த்தார்? அதைச் சொல்ல மாட்டார்கள்.

பவுல் ரோமருக்கு எழுதிய நிருபத்தில், 12-ம் அதிகாரத்தில், அன்புக்கு ஓர் அடைமொழி போடுகிறார். கிரேக்க மூலத்தில் அதற்கு ‘நாடகமாடாத’ என்று பொருள். மேடையில் முகமூடி மாட்டி நடிப்பவனுக்கு இருந்த பெயரிலிருந்து வந்த சொல். பழைய தமிழ் வேதாகமம் அதை ‘மாயமற்ற’ என்று சொன்னது. என்ன அழகான மொழிபெயர்ப்பு! பவுல் கழற்றச் சொன்ன முகமூடியை நம் வரலாற்று ஆசிரியர்கள் மறுபடி எடுத்து மாட்டிவிடுகிறார்கள் என்பதுதான் என் புகார்.

நரிக்குடிக்காரருக்கு நான் சொல்லும் புத்தகம், டாக்டர் பால் பிராண்ட் 1993-ல் பிலிப் யான்ஸியுடன் சேர்ந்து ஆங்கிலத்தில் எழுதியது. ‘வலி: யாருக்கும் வேண்டாத பரிசு’ என்று பெயரைத் தமிழில் சொல்லலாம். அவருக்கு இது அந்நியமான விஷயமும் இல்லை. விருதுநகரிலிருந்து அருப்புக்கோட்டை, திருச்சுழி, நரிக்குடி வழியாகப் போகிற ரயில் பாதை மானாமதுரையில் போய்ச் சேர்கிறது. மானாமதுரை என்றால் நமக்கெல்லாம் கடம்தான் ஞாபகம் வரும். அதே ஊரில் தயாபுரம் தொழுநோய் மருத்துவமனை என்று ஒன்று உண்டு. 1874-ல் வெல்லஸ்லி பெய்லி என்கிற ஐரிஷ்காரர் தொடங்கிய தொழுநோய் மிஷனைச் சேர்ந்தது. கடத்தைத் தட்டிப் பார்த்து வாங்கப் போகிறவர்களில் எத்தனை பேருக்கு அது தெரியும்?

பிராண்ட் 1914-ல் கொல்லிமலையில் பிறந்தவர். அப்பா, அம்மா இருவரும் மிஷனரிகள். ஒன்பது வயதில் படிப்புக்காக இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள். 1929-ல் கொல்லிமலையில் அப்பா காய்ச்சலில் இறந்தார். தந்தி முதலில் வந்துவிட்டது. அப்பா எழுதியிருந்த கடிதங்கள் கப்பலில் அதற்குப் பிறகும் வாரக்கணக்கில் வந்துகொண்டிருந்தன. ‘தியாகம்’ என்று நாம் சுலபமாகச் சொல்லிவிடுகிறோமே, அதற்கான பில் யார் பெயரில் வருகிறது என்பதை இந்த இடம் காட்டுகிறது. பதினான்கு வயதுப் பையன் பெயரில்.

அந்தப் பையன் கட்டட வேலை, தச்சு வேலை கற்றுக்கொண்டு, பிறகு மருத்துவம் படித்து, 1946-ல் வேலூர் வந்தார். அடுத்த வருஷம் செங்கல்பட்டு தொழுநோய் மருத்துவமனைக்குப் போகிறார். ஒரு நோயாளி மடங்கிப்போன விரல்களால் அவர் கையைப் பிடிக்கிறார். அந்தப் பிடி வலிக்கிறது! செத்த கை என்று எல்லோரும் சொன்ன கையில் இவ்வளவு பலமா? அங்கேதான் எல்லாம் ஆரம்பிக்கிறது. வேலை செய்யும் தசையின் நரம்பை எடுத்து, செயலிழந்த விரலுக்கு மாற்றித் தைக்கலாம் என்று கண்டுபிடிக்கிறார். இங்கே நரம்பு என்று நான் சொல்வது தசைநாண். கசாப்புக்கடையில் வெள்ளையாகத் தெரியுமே, அது.

அடுத்த கேள்வி, விரல்கள் ஏன் குறைகின்றன? அழுகி விழுகின்றன என்று ஊரே நம்பியது. பிராண்டும் கூட இருந்தவர்களும் ஒவ்வொரு புண்ணையும் துப்பறிந்தார்கள். ஒரு பையன் துருப்பிடித்த பூட்டைத் திறந்து கொடுக்கிறான், விரல் எலும்பு வரை கிழிந்திருப்பது தெரியாமலே. சிலருக்கு ராத்திரி தூங்கி எழுந்தால் விரலில் ஒரு துண்டைக் காணோம். விழித்திருந்து காவல் பார்த்தால், எலி! நோய் விரலைத் தின்னவில்லை. வலி தெரியாததால் எலி தின்றது. தீர்வு என்ன தெரியுமா? வீட்டுக்குப் போகும் நோயாளி ஒவ்வொருவருக்கும் ஒரு பூனை.

அன்பைப் பற்றி நான் படித்த பிரசங்கங்கள் எதிலும் பூனை வந்ததில்லை.

நரிக்குடி, திருச்சுழிப் பக்கம் வசிப்பவர்களுக்கு இன்னொன்று சட்டென்று புரியும். சீமைக்கருவேலங்காட்டில் நடக்கிறவன், கரிமூட்டம் போடுகிறவன் காலில் உணர்ச்சி இல்லை என்றால் என்ன ஆகும்? முள் ஏறும், ஏறியது தெரியாது, அதன் மேலேயே நாள் முழுக்க நடப்பான். அதனால்தான் மெத்தென்ற ரப்பரில் செருப்பு செய்வதற்கு அவர்கள் வருஷக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். இன்றைக்கு எம்.சி.ஆர். செருப்பு என்று கேட்டால் சர்க்கரை நோயாளிகளுக்கும் கிடைக்கிறது. ராத்திரி படுக்கும் முன் உள்ளங்காலைப் பாருங்கள் என்று உங்கள் டாக்டர் சொல்கிறாரா? அந்தப் பாடமும் தொழுநோயாளிகளிடம் படித்ததுதான்.

புத்தகத்தில் என்னைத் தூங்க விடாத இடம் வேறு. கை சரியாகி ஊருக்குப் போன இளைஞர் ஒருவர் இளைத்துப்போய்த் திரும்பி வருகிறார். ‘டாக்டர், நீங்க குடுத்த கை பிச்சை எடுக்கத் தோதா இல்ல’ என்பதுதான் அவர் சொன்னதன் சாரம். மடங்கிய விரலைப் பார்த்தால் காசு விழும். நீட்டிய விரலுக்கு விழாது. நோயின் தழும்பு மட்டும் இருக்கிறது, அதனால் வேலையும் கிடைக்காது. ஆக, டாக்டரின் அன்பு அவர் பிழைப்பைக் கெடுத்துவிட்டது. இன்னொருவராக இருந்தால், ஆபரேஷன் வெற்றி என்று அறிக்கை எழுதிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டிருப்பார். பிராண்ட் வெட்கப்பட்டார். ‘நவ ஜீவ நிலையம்’ என்று வேலூரில் குடிசைகள் எழும்பின. தச்சு கற்றிருந்த டாக்டர், நோயாளிகளுக்குத் தச்சுப் பட்டறை வைத்து பொம்மை செய்யக் கற்றுக்கொடுத்தார்.

நரிக்குடிக்காரர் கேட்ட ‘நம்புற மாதிரி’ என்பதற்குச் சரியான பதில், 1953-ல் நடந்த ஒரு ராத்திரி. அமெரிக்காவிலிருந்து கப்பலில் இங்கிலாந்து வந்து, ரயிலேறி லண்டன் வந்து, அறையில் சாக்ஸைக் கழற்றுகிறார். ஒரு குதிகாலில் உணர்ச்சியே இல்லை. ஊசியால் குத்துகிறார், தெரியவில்லை. தனக்கும் வந்துவிட்டது என்று முடிவு செய்துவிடுகிறார். இது லேசில் ஒட்டாது, பயப்படாதீர்கள் என்று ஆயிரம் பேருக்குச் சொன்னவர், அன்றைக்கு விடிய விடிய பயந்து கிடக்கிறார். மனைவியை, குழந்தைகளைத் தொட முடியாதே என்று நினைக்கிறார். காலையில் மறுபடி குத்தினால், வலிக்கிறது! ரயிலில் அசையாமல் உட்கார்ந்ததில் வந்த மரமரப்பு, அவ்வளவுதான். அந்தப் பயத்தை அவர் மறைத்திருக்கலாம், கேட்பதற்கு யாரும் இல்லை. எழுதிவிட்டார். மாயமற்ற என்பதற்கு இதைவிட நல்ல உரை எனக்குத் தெரியாது.

குறை இல்லையா? இருக்கிறது. யான்ஸி கைதேர்ந்த எழுத்தாளர், அதுதான் சிக்கல். ஒவ்வொரு சம்பவமும் ஒரு பாடத்தில் போய் வழவழப்பாக முடிகிறது. கடைசிப் பகுதியில் அமெரிக்கர்கள் வலி மாத்திரை அதிகம் விழுங்குகிறார்கள் என்ற கவலை ஏகப்பட்ட பக்கங்களைச் சாப்பிடுகிறது. மதமாற்ற விஷயத்தையும் நின்று பேசவில்லை. சேவையைத் தூண்டில் ஆக்காதீர்கள் என்று 1930-களில் காந்தி மிஷனரிகளிடம் வாதாடினாரே, அவரும் சேவாகிராமத்தில் தொழுநோய் கண்ட ஒரு சம்ஸ்கிருத பண்டிதருக்குத் தன் கையால் பணிவிடை செய்தவர். வேலூரில் ஞானஸ்நானம் வாங்கினால்தான் ஆபரேஷன் என்று விதி ஏதுமில்லை. ஆனால் யாருமே தொடாத ஒருவனைத் தொட்டவரின் கடவுள் மேல் அவனுக்கு எழும் பிரியம் எந்தக் கணக்கில் சேரும்? பிராண்ட் இதற்கு ஓர் அத்தியாயம் ஒதுக்கியிருக்க வேண்டும்.

புத்தகத்தை விட்டுவிட்டு நம் பிரசங்க மேடைகளுக்கு வருவோம். ‘பாவம் என்னும் குஷ்டம்’ என்று இன்னமும் மைக்கில் முழங்குகிறார்கள். லேவியராகமம் 13, 14 அதிகாரங்களைப் பொறுமையாகப் படித்தால் அந்தக் ‘குஷ்டம்’ துணியிலும் வருகிறது, வீட்டுச் சுவரிலும் வருகிறது. சுவருக்கு எப்படி ஐயா தொழுநோய் வரும்? தோல் நோயிலிருந்து பூஞ்சணம் வரை சேர்த்துச் சொன்ன எபிரேயச் சொல் அது. 1982 முதல் கூட்டு மருந்து இருக்கிறது, ஆறு மாதத்திலோ ஒரு வருஷத்திலோ குணமாகிவிடும். அப்படியிருந்தும் தொழுநோயைக் காரணம் காட்டி விவாகரத்து கேட்கலாம் என்பது கிறிஸ்தவர்களுக்கான சட்டம் உட்பட பல சட்டங்களில் 2019 வரை இருந்தது. 2023-ல் உலகில் கண்டறியப்பட்ட புது நோயாளிகளில் பாதிக்கு மேல் இந்தியாவில். அவர்களில் ஒருவர் உங்கள் சபையின் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து இந்த உவமையைக் கேட்டுக்கொண்டிருக்கலாம்.

ஆவியின் ஏவுதல் பற்றிக் கேட்டிருந்தால் நான் மகனை விட்டு அம்மாவைக் காட்டியிருப்பேன். எவலின் பிராண்டை, அறுபத்தெட்டு வயதை ஒட்டி, ஓய்வு பெறுங்கள் என்றது மிஷன் கமிட்டி. சரி என்று ஓய்வு பெற்றார். மிஷனிலிருந்து மட்டும். பிறகு தன் பொறுப்பில் மலைகளுக்கே திரும்பிப் போய், மட்டக்குதிரையில் ஊர் ஊராகச் சுற்றி, நரம்புச் சிலந்தியை ஒழிக்கப் பாடுபட்டு, 1974-ல் தொண்ணூற்றைந்து வயதில் இறந்தார். கமிட்டியின் தீர்மானப் புத்தகத்தில் இதற்கு என்ன தலைப்பு போட்டிருப்பார்களோ.

இன்னொரு ஆதங்கம். பூனை வளர்த்தவர்கள், செருப்புத் தைத்தவர்கள், தினமும் கட்டுப் போட்டவர்கள் எல்லாம் நம் ஊர்க்காரர்கள். புத்தகத்தில் பலர் பெயரில்லாமல், பெயர் இருந்தாலும் இரண்டு வரியில், வந்து போகிறார்கள். தயாபுரம் மாதிரி இடங்களில் முப்பது நாற்பது வருஷம் வேலை பார்த்த யாராவது, தமிழில், தன் வாயால் சொல்கிற மாதிரி எழுதினால் முதல் பிரதியை நான் காசு கொடுத்து வாங்கிக்கொள்கிறேன். இரண்டாவதை நரிக்குடிக்கு அனுப்பலாம்.