கிருஷ்ண மண்டபத்தில் கிருஷ்ணரைக் கடைசியாகப் பாருங்கள்

மாமல்லபுரம் வருகிறவர்கள் அர்ச்சுனன் தபசு முன் போட்டோ எடுத்த கையோடு வெண்ணெய் உருண்டைப் பாறைக்கு ஓடிவிடுகிறார்கள். தபசுக்குத் தெற்கே, பக்கத்திலேயே இருக்கிறது கிருஷ்ண மண்டபம். அதற்குள் எட்டிப் பார்ப்பவர்களும் கோவர்த்தன மலையைத் தாங்கும் கிருஷ்ணரைக் கண்டதும் ‘பார்த்தாச்சு’ என்று திரும்பிவிடுவார்கள். அவசரப்படாதீர்கள்.

வெயிலிலிருந்து உள்ளே நுழைந்தால் முதலில் இருட்டுதான். கண் பழகட்டும். பல்லவர்கள் 7ஆம் நூற்றாண்டில் செதுக்கியபோது இந்தப் பாறை திறந்தவெளியில், கிழக்கு பார்த்து நின்றது. தூண்களும் கூரையும் விஜயநகரக் காலத்தில் சேர்ந்தவை. மழைக்கு நல்லதுதான், சிற்பத்துக்கு வெளிச்சம் போயிற்று. அதனால் காலையில் வாருங்கள். தூண்களுக்கு நடுவே சாய்வாக வரும் வெளிச்சத்தில் உருவங்களின் விளிம்பு துலங்கும்.

இப்போது கிருஷ்ணரை விட்டுவிட்டு ஊர்க்காரர்களைத் தேடுங்கள். ஓர் ஆயர் குந்தியிருந்து பால் கறக்கிறார். பசுவுக்கு அவர்மேல் கவனமே இல்லை. கழுத்தை வளைத்துக் கன்றை நக்கிக்கொண்டிருக்கிறது. கன்று பக்கத்தில் இருந்தால் பசு எளிதாகப் பால் சுரக்கும் என்பது மாடு வளர்த்தவர்களுக்குத் தெரியும்; சிற்பிக்கும் தெரிந்திருக்கிறது. இந்த இடத்தில் ஐந்து நிமிடமாவது நில்லுங்கள். பிறகு தலைச்சுமையோடு போகும் ஆய்ச்சி, கோடரியைத் தோளில் சாய்த்தவர், பிள்ளையைத் தோளில் ஏற்றியவர், குழல் ஊதுபவர் என்று ஒவ்வொருவராகக் கண்டுபிடிக்கலாம். இந்திரன் மழையைக் கொட்டுகிற கதை இது. ஆனால் இவர்கள் யார் முகத்திலும் பதற்றம் இல்லை. அவரவர் வேலை அவரவருக்கு.

இந்த ஊர்க்காரர்களைப் பார்க்கும்போது ஓவியர் காமில் பிசாரோ நினைவுக்கு வருகிறார். பிரான்சில் அவர் 1880களில் கீசோர், பொந்துவாஸ் ஊர்ச் சந்தைகளை வரைந்தார். அந்தப் படங்களில் நாயகன் கிடையாது. கூடைகளோடு நெருக்கியடித்து நிற்கும் கூட்டம்தான் படம். நடுவிலிருந்து பார்த்தால் பிடிபடாது, ஓரத்திலிருந்துதான் உள்ளே நுழைய வேண்டும். அவற்றை ரசிக்கத் தெரிந்தவருக்கு இந்தப் பாறையும் வசப்படும். ஒரே வித்தியாசம், இங்கே நாயகன் உண்டு. அவர் நடுவில் நிற்கும்போதே சிற்பி பால் கறப்பவருக்கு இவ்வளவு இடம் கொடுத்திருக்கிறார். பிசாரோவைவிட இவருக்குத்தான் என் ஓட்டு.

கடைசியாகக் கிருஷ்ணரிடம் வாருங்கள். இடக்கை மேலே உயர்ந்திருக்கிறது. மலையைத் தனியாகச் செதுக்கவில்லை. மேலே இருக்கும் பாறையே மலை. பக்கத்தில் பலராமர், வயதான ஓர் ஆயரின் தோளில் கை போட்டு நிற்கிறார். மழைக்குப் பயந்தவர் அந்த ஊரில் இந்த வயதான ஆயர் ஒருவர்தான் போலிருக்கிறது.