டைனோசர் ஓவியங்களில் உண்மையும் ஊகமும்: ஒரு மதிப்பீடு

அழிந்துபோன விலங்குகள் உயிருடன் இருந்தபோது எப்படித் தோன்றியிருக்கும் என்பதைப் புதைபடிவச் சான்றுகளின் துணைகொண்டு வரைந்து காட்டும் கலை தொல்லுயிர் ஓவியம் எனப்படும். சிற்பமும் கணினி அசைவூட்டமும் இதில் அடங்கும். பாடநூல், கலைக்களஞ்சியம், அருங்காட்சியகம், திரைப்படம் என எங்கும் டைனோசரை நாம் அறிவது இக்கலையின் வழியாகத்தான். எலும்பை நேரில் கண்டவர்கள் மிகச் சிலர். படத்தைக் கண்டவர்களோ ஏறக்குறைய எல்லோரும். ஆகவே இத்தகைய படங்களை எப்படி மதிப்பிடுவது என்பது மாணவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ஒரு டைனோசர் படம் நன்றாக இருந்தால் "தத்ரூபமாக இருக்கிறது" என்று பாராட்டுவது வழக்கம். தோலின் சுருக்கம், கண்ணின் பளபளப்பு, பற்களில் வழியும் எச்சில் ஆகியவை அப்பாராட்டைப் பெற்றுத் தருகின்றன. இந்த அளவுகோலை இக்கட்டுரை ஏற்கவில்லை. உயிருள்ளது போலத் தோன்றுவது வேறு. உண்மைக்கு நெருக்கமாக இருப்பது வேறு. ஒரு படம் எவ்வளவு நுணுக்கமாக வரையப்படுகிறதோ, அவ்வளவுக்கு அதில் கலந்துள்ள ஊகம் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடுகிறது.

நான் ஆசிரியராக இருந்தபோது வகுப்பறைச் சுவரில் ஒரு டைனோசர் சார்ட்டைத் தொங்கவிட்டுப் பாடம் நடத்தினேன். நிமிர்ந்து நின்று, வாலைத் தரையில் இழுத்துச் செல்லும் பச்சை நிற டிரானோசாரஸ் அதில் இருந்தது. ஏழாம் வகுப்பு மாணவன் ஒருவன், "சார், அது பச்சைன்னு யார் பார்த்தாங்க?" என்று கேட்டான். வகுப்பு சிரித்தது. "பல்லி, முதலை மாதிரிதானே இருக்கும், உட்கார்" என்றேன். கேள்வி சரியானது, என் பதில்தான் தவறு. அந்த வகுப்பில் அறிவியல் முறைப்படி சிந்தித்தவன் அவன் ஒருவனே என்பது எனக்குப் பல ஆண்டுகள் கழித்தே புரிந்தது.

இலண்டன் சிற்பங்கள்

பெரிய அளவில் உருவாக்கப்பட்ட முதல் டைனோசர் உருவங்கள் 1854-இல் இலண்டனின் சிடன்ஹாம் பகுதியில், கிறிஸ்டல் பேலஸ் பூங்காவில் திறந்துவைக்கப்பட்டன. சிற்பி பெஞ்சமின் வாட்டர்ஹவுஸ் ஹாக்கின்ஸ். 1842-இல் டைனோசர் என்ற பெயர்த் தொகுதியை வகுத்த ரிச்சர்டு ஓவன் அறிவியல் ஆலோசனை வழங்கினார். இங்குள்ள இகுவானோடான், காண்டாமிருகம் போல நான்கு கால்களில் நிற்கிறது. மூக்கின் மேல் ஒரு கொம்பும் உண்டு.

1878-இல் பெல்ஜியத்தின் பெர்னிசார் நிலக்கரிச் சுரங்கத்தில் இகுவானோடான் எலும்புக்கூடுகள் பல கிடைத்தன. அவற்றை ஆராய்ந்த லூயி டோலோ, மூக்குக் கொம்பு எனக் கருதப்பட்டது உண்மையில் கையின் கட்டைவிரல் முள் என்று காட்டினார். ஆனால் அவரும் அவ்விலங்கைக் கங்காரு போல நிமிர்த்தி நிறுத்தினார். அதன் வாலை எலும்பாகிய தசைநாண்கள் விறைப்பாக்கியிருந்ததால், அப்படி வளைந்திருக்க முடியாது என்பது பின்னாளில் தெளிவாயிற்று. ஒரு தவற்றைத் திருத்திய உருவத்திலேயே இன்னொரு தவறு புகுந்துகொண்டது.

இதற்காக ஹாக்கின்ஸைக் குறை கூறுவது நியாயமன்று. அன்று கையில் இருந்தவை பற்களும் சில எலும்புகளும் முழுமையற்ற எலும்புக்கூட்டுப் பகுதிகளுமே. அவற்றைக்கொண்டு அவர் கவனமாகவே உழைத்தார். ஆயினும் ஒன்றைச் சொல்ல வேண்டும். எலும்பிலிருந்து பெற்ற பகுதியும் மனத்திலிருந்து பெற்ற பகுதியும் ஒரே சிமெண்டுப் பூச்சில் ஒன்றாகிவிட்டன. பார்வையாளர் இரண்டையும் பிரித்தறிய வழியில்லை.

ஒரு சுவரோவியமும் அதன் நிழலும்

அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக பீபாடி அருங்காட்சியகத்தில் ருடால்ஃப் சாலிங்கர் வரைந்த 'ஊர்வனவற்றின் காலம்' என்ற சுவரோவியம் உள்ளது. 110 அடி நீளமும் 16 அடி உயரமும் கொண்ட இதனை அவர் 1943 முதல் 1947 வரை வரைந்தார். 30 கோடி ஆண்டுகளுக்கும் மேற்பட்ட காலம் இதில் வலமிருந்து இடமாக ஓடுகிறது. முன்னணியில் நிற்கும் பெரிய மரங்கள் ஒரு காலப்பகுதியை அடுத்ததிலிருந்து பிரிக்கின்றன. நிலத்தையும் தாவரத்தையும் விலங்கையும் ஒரே காட்சியாக இணைத்த விதத்தில் இதற்கு இணையான படைப்புகள் குறைவு.

ஆனால் இதிலுள்ள டைனோசர்கள் மந்தமானவை. டிரானோசாரஸ் வாலை ஊன்றி நிமிர்ந்து நிற்கிறது. பெரிய தாவர உண்ணி சதுப்பு நீரில் நிற்கிறது. 1953-இல் லைஃப் இதழ் இதன் முன்வரைவை வண்ணத்தில் வெளியிட்டபின், இந்தத் தோற்றமே உலகெங்கும் பரவியது. என் வகுப்பறைச் சார்ட்டில் இருந்த டிரானோசாரஸின் நிலையும் இதுவேதான்.

அந்தத் தோற்றத்தை மாற்றிய ஆய்வும் அதே அருங்காட்சியகத்திலிருந்துதான் வந்தது. அங்கு பணியாற்றிய ஜான் ஆஸ்ட்ரம் 1964-இல் மொன்டானாவில் டைனோனிகஸ் எலும்புகளைக் கண்டுபிடித்து, 1969-இல் விரிவாக விவரித்தார். ஓடிப் பிடித்து வேட்டையாடிய சுறுசுறுப்பான விலங்கு அது என்றார். அவருடைய மாணவர் ராபர்ட் பேக்கர் வரைந்த, வாலைப் பின்னால் நீட்டிப் பாய்ந்தோடும் டைனோனிகஸ் படம் அந்த ஆய்வுடன் வெளிவந்தது. டைனோசர்களின் காலடித் தடங்களில் வால் இழுபட்ட சுவடு அரிதாகவே காணப்படுகிறது என்பதும் புதிய நிலைக்கு ஆதரவாயிற்று.

இதைப் படிப்போர், பழைய படங்கள் எல்லாம் மந்தம், புதியவை எல்லாம் சுறுசுறுப்பு என்று எண்ணிவிடக்கூடாது. 1897-இலேயே சார்ல்ஸ் நைட், ஒன்றின்மேல் ஒன்று பாய்ந்து சண்டையிடும் இரு வேட்டை டைனோசர்களை வரைந்திருக்கிறார். பாயும் டைனோசர் முதலில் வந்தது. ஐம்பது ஆண்டுகள் கழித்து மந்த டைனோசர் வந்தது. பிறகு மீண்டும் பாய்ச்சல் வந்தது. ஆகவே இம்மாற்றங்களுக்கு எலும்புகள் மட்டும் காரணமல்ல. அந்தந்தக் காலத்து அறிஞர்கள் அவ்விலங்குகளைப் பற்றிக் கொண்டிருந்த கருத்தும் படங்களில் இறங்கியிருக்கிறது.

எலும்பு சொல்லாதவை

காங்கேயம் காளையின் கம்பீரம் அதன் திமிலில் இருக்கிறது. திமிலுக்குள் எலும்பு இல்லை. யானையின் துதிக்கையிலும் சேவலின் கொண்டையிலும் எலும்பு இல்லை. எலும்புக்கூட்டை மட்டும் வைத்து இவற்றை வரையும் ஒருவர், திமிலற்ற காளையையும் துதிக்கையற்ற யானையையும் வரையக்கூடும். 2012-இல் வெளிவந்த 'ஆல் யெஸ்டர்டேஸ்' என்ற நூல் இதே கேள்வியை எழுப்பியது. ஜான் கான்வே, சி. எம். கோசமன், டேரன் நாயிஷ் ஆகியோரின் அந்நூலில், எலும்பை மட்டும் கண்ட வருங்கால ஓவியர் ஒருவர் வரைவது போல அன்னப்பறவை காட்டப்பட்டுள்ளது. இறகுகள் இல்லை, சிறகுகள் இருக்க வேண்டிய இடத்தில் அரிவாள் போன்ற கைகள்! எலும்பின் மேல் தோலை இறுக்கிப் போர்த்திவிட்டால் சான்றுக்கு நெருக்கமாக நிற்கிறோம் என்ற எண்ணத்தை இந்நூல் நன்றாகவே உடைத்தது. அடுத்த ஆண்டே, எட்மண்டோசாரஸ் ஒன்றின் தலையில் சேவல் கொண்டை போன்ற தசைப்பகுதி இருந்ததற்கான புதைபடிவம் பற்றிய செய்தி வெளியானது.

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. 1996-இல் சீனாவின் லியாவோனிங் மாநிலத்திலிருந்து சைனோசாரோப்டெரிக்ஸ் என்னும் இழையிறகு கொண்ட டைனோசர் அறிவிக்கப்பட்டது. டிரானோசாரஸின் உறவினமான யூடிரானஸிலும் இழையிறகு இருந்ததாக 2012-இல் அறியப்பட்டது. உடனே டிரானோசாரஸுக்கும் அடர்ந்த இறகுப் போர்வை போர்த்திய படங்கள் பெருகின. ஆனால் 2017-இல் விவரிக்கப்பட்ட அதன் தோல் பதிவுகள் செதில்களையே காட்டின. பழக்கத்தால் வரைவது போலவே, புதுமை மோகத்தால் வரைவதும் சான்றை மீறிச் செல்லும்.

நம் அரியலூர் மாவட்டமும் இங்கே நினைவுக்கு வருகிறது. கல்லமேட்டில் கிடைத்த சில எலும்புகளைக்கொண்டு 1987-இல் யாதகிரி, அய்யாசாமி ஆகியோர் புருகத்காயோசாரஸ் என்ற பெயரிட்டனர். முதலில் ஊனுண்ணியாக வகைப்படுத்தப்பட்ட அது, பின்னர் நீள்கழுத்துத் தாவர உண்ணியாகக் கருதப்பட்டது. அந்த எலும்புகள் சிதைந்து அழிந்துவிட்டன. ஆனால் தலை முதல் வால் நுனி வரை முழுமையாக வரையப்பட்ட புருகத்காயோசாரஸ் படங்கள் இணையத்தில் உலவுகின்றன. தலையோ கழுத்தோ கிடைத்ததே இல்லை. அவை உறவின விலங்குகளைப் பார்த்து வரையப்பட்டவை. அப்படி வரைவது தவறன்று. அதைச் சொல்லாமல் விடுவதுதான் தவறு.

நல்ல எடுத்துக்காட்டு

ஓவியமும் சான்றும் சரியாக இணைந்த ஒரு படைப்பு 2016-இல் வெளிவந்தது. ஜெர்மனியின் பிராங்க்பர்ட் நகரிலுள்ள செங்கன்பெர்க் அருங்காட்சியகத்தில், தோலும் நிறமிப் படிவும் எஞ்சியுள்ள சிட்டகோசாரஸ் புதைபடிவம் ஒன்று உள்ளது. ஜேக்கப் விந்தர் குழுவினர் அதை ஆராய, ஓவியர் ராபர்ட் நிக்கோல்ஸ் முழு அளவு உருவத்தைச் செய்தார். முதுகு கருமையாகவும் வயிறு வெளிறியும் இருந்தது தெரியவந்தது. பின்பு ஒரே சாம்பல் நிறம் கொண்ட உருவத்தை வெவ்வேறு வெளிச்சத்தில் படமெடுத்து, நிழல் விழும் விதத்தை நிற அமைப்புடன் ஒப்பிட்டனர். மரநிழல் நிறைந்த காட்டுக்கு ஏற்ற நிறம் அது என்று முடிவு செய்தனர். இங்கே உருவம் ஆய்வுக்கு அலங்காரமாக நிற்கவில்லை. ஆய்வுக் கருவியாகவே பயன்பட்டது.

மாணவர் கேட்க வேண்டியவை

எந்த டைனோசர் படத்தைப் பார்த்தாலும் மூன்று கேள்விகள் கேட்கலாம். எந்த ஆண்டில், யார் வரைந்தது? அவ்விலங்கின் எந்த எலும்புகள் கிடைத்துள்ளன? தோல், நிறம், இறகு ஆகியவற்றுக்கு நேரடிச் சான்று உண்டா, அல்லது உறவின விலங்கிலிருந்து பெற்ற ஊகமா? நம் பாடநூல்களும் இணையக் கட்டுரைகளும் படத்தின் கீழ் இவற்றை இரண்டு வரியில் அச்சிட்டாலே போதும். அச்சிடாவிட்டால், பிற்காலத்தில் படம் மாறும்போது "அறிவியல் மாற்றி மாற்றிச் சொல்கிறது" என்று பிள்ளைகள் நம்பிக்கை இழப்பார்கள். எது தெரிந்தது, எது ஊகம் என்பது முன்பே சொல்லப்பட்டிருந்தால், அந்த மாற்றத்தை அவர்கள் வளர்ச்சியாகவே காண்பார்கள்.

அன்று அந்த மாணவனிடம் நான் சொல்லியிருக்க வேண்டிய பதில் இதுதான்: "யாரும் பார்க்கவில்லை. ஓவியர் ஊகித்தார். எதை வைத்து ஊகித்தார் என்று நாம் சேர்ந்து தேடிப் பார்ப்போம்." 2010-இல் சைனோசாரோப்டெரிக்ஸின் வாலில் செம்பழுப்பும் வெளிர் நிறமும் மாறி மாறி வந்த பட்டைகள் இருந்தன என்பதை, இழைகளில் எஞ்சிய மெலனோசோம் என்னும் நுண்ணிய நிறமித் துகள்களைக்கொண்டு ஆய்வாளர்கள் காட்டினர். அவன் கேட்ட கேள்விக்கு, வேறொரு டைனோசரை வைத்து, ஒரு பகுதிப் பதில் கிடைத்துவிட்டது.