625 கோடுகளும் திண்டுக்கல் கரண்ட்டும்

1959 செப்டம்பர் 15 அன்று டெல்லியில் தொலைக்காட்சி ஒளிபரப்பு தொடங்கியபோது பிரிட்டனில் 405 கோட்டுப் படம்தான் ஓடிக்கொண்டிருந்தது. தபாலும் ரயிலும் பிரிட்டன் வழியில் வந்த நாடு, இதில் மட்டும் ஐரோப்பாவின் 625 கோட்டுத் தரத்தை எடுத்துக்கொண்டது. 1936இல் தொடங்கிய 405ஐ முற்றாகக் கைவிட பிரிட்டனுக்கு 1985 வரை ஆனது. பிந்தி வந்ததால் அந்தச் சுமை நம் தலையில் ஏறவில்லை.

625 என்ற எண் எங்கிருந்து வந்தது? வினாடிக்கு 25 படம், படத்துக்கு 625 கோடு, மொத்தம் 15,625. அமெரிக்காவில் 30 படம், 525 கோடு, 15,750. இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான். அதனால் அமெரிக்கச் சர்க்யூட்டை லேசாகத் திருத்தியே ஐரோப்பா காரியத்தை முடித்துக்கொள்ள முடிந்தது. 819 கோடு என்று தனித்து நின்ற பிரான்ஸும் கடைசியில் 625க்கே வந்து சேர்ந்தது.

இந்தத் தரத்தில் வெளியே தெரியாத ஒரு நல்ல குணம் உண்டு. அலையின் வலு கூடினால் திரை கறுக்கும். 405இல் இது தலைகீழ். தெருவில் மொபெட் போனாலும், பக்கத்துத் தோட்டத்தில் மோட்டார் ஓடினாலும் பழைய பிரிட்டிஷ் டிவியில் வெள்ளைப் பொறி பறக்கும். நம்மூர் டிவியில் கறுப்புப் புள்ளிதான் விழும். கண்ணை அவ்வளவாக உறுத்தாது. பம்ப் செட்டும் நூற்பாலையும் நிறைந்த திண்டுக்கல் சமவெளிக்கு இதைவிடப் பொருத்தமானது கிடைத்திருக்காது.

1982இல் கலர் வந்தபோது பால் (PAL) முறையைத் தேர்ந்தார்கள். ஜெர்மனியின் வால்டர் புரூக் உருவாக்கிய முறை அது. மலையில் பட்டுத் திரும்பும் அலையால் நிறம் மாறிப்போகாமல், ஒரு கோட்டின் பிழையை அடுத்த கோட்டைக் கொண்டு அது சரிக்கட்டும். நம் பகுதிக்கு ஒளிபரப்பு கொடைக்கானலிலிருந்து வந்தது. திண்டுக்கல் நகரம் நேர்கோட்டில் 60 கி.மீட்டருக்குள். மாடியில் ஆன்டெனாவை மேற்கே திருப்பி வைத்தால் போதுமாக இருந்தது. நத்தம் பக்கம் அப்படியில்லை. நடுவில் சிறுமலை மறிக்கிறது. அங்கே எட்டியது மலையைத் தாண்டி வளைந்தும் சிதறியும் வந்த அலைதான். ஆவி போல இரட்டை உருவம் விழுந்தாலும் முகம் பச்சையாகிவிடாது. கலர் வந்ததால் பழைய கறுப்பு வெள்ளைப் பெட்டியைத் தூக்கிப் போட வேண்டியிருக்கவும் இல்லை.

இவ்வளவு பொருந்திய தரம் இடறியது மின்சாரத்தில். ஒவ்வொரு படத்தையும் ஒற்றைப்படைக் கோடு, இரட்டைப்படைக் கோடு என இரண்டாகப் பிரித்து வினாடிக்கு 50 முறை காட்டியதற்குக் காரணமே மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ்தான். படமும் மின்சாரமும் சேர்ந்து ஓடினால் மின்சாரத்தின் சாயல் திரையில் விழுந்தாலும் அசையாது, கண்ணுக்கும் பிடிபடாது. ஐரோப்பாவில் இந்தக் கணக்கு சரி. நம் தென்மண்டல மின்தொகுப்போ அந்நாளில் 50ஐ விட்டு அடிக்கடி இறங்கும். 48ஐ ஒட்டிப் போனதும் உண்டு. சாயங்காலம் லோ வோல்டேஜும் சேர்ந்துகொண்டால் படம் நாலு பக்கமும் சுருங்கும். மங்கலான பட்டை ஒன்று திரையில் ஊர ஆரம்பிக்கும். ஸ்டெபிலைசர் வோல்டேஜைத் தூக்கிக் கொடுக்கும். ஹெர்ட்ஸை அதனால் ஒன்றும் செய்ய முடியாது. டிவி விலைக்கு மேல் ஸ்டெபிலைசருக்கும் அழுதவர் வாங்கியவர்தான்.

குறை தரத்தில் இல்லை என்பார்கள் பொறியாளர்கள். பாதிதான் சரி. ஒளிபரப்புக் கோபுரம் என்ன அனுப்ப வேண்டும் என்று தசமப் புள்ளி வரை வரையறுத்தோம். எந்த மாதிரிக் கரண்ட்டில் அதைப் பார்க்கப்போகிறார்கள் என்று பெட்டி செய்தவர்களிடம் கறாராகக் கேட்கவில்லை. வெகுவாகக் குறைந்த வோல்டேஜிலும் தாக்குப்பிடிக்கும் பவர் சப்ளை பரவலான பிறகே பட்டை மறைந்தது.

மின்தொகுப்பை 50க்கு அருகில் நிறுத்தும் புதிய கட்டண முறை தெற்கே வந்தது 2003இல். அதற்குள் நம் வீடுகளில் பெரும்பாலானவை கேபிளுக்குப் போய்விட்டன.