ராமேஸ்வரி ஒளிநகல் வழக்கு: ஒரு மதிப்பீடு

ராமேஸ்வரி ஒளிநகல் வழக்கு என்பது, பாடநூல்களின் பகுதிகளை நகலெடுத்துத் தொகுத்து மாணவர்களுக்கு வழங்கலாமா என்பது குறித்து தில்லி உயர்நீதிமன்றத்தில் நடந்த வழக்கு. ஆக்சுபோர்டு, கேம்பிரிட்ச், டெய்லர் அண்டு பிரான்சிசு ஆகிய பதிப்பகங்கள் 2012இல் இதைத் தொடுத்தன. தில்லிப் பல்கலைக்கழகமும் அதன் வளாகத்தில் இயங்கிய ராமேஸ்வரி நகலகமும் எதிர்வாதிகள். இந்தியக் கல்லூரி ஆசிரியர் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டிய வழக்கு இது. ஆனால் அதைத் தவறாகப் புரிந்துகொள்வோரே மிகுதி.

தீர்ப்பு

1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தில் 52(1)(ஐ) பிரிவு, பாடம் நடத்தும் போக்கில் ஆசிரியரோ மாணவரோ ஒரு படைப்பை நகலெடுப்பதை உரிமை மீறல் அல்ல என்கிறது. பதிப்பகங்கள் இதை வகுப்பறையின் நான்கு சுவர்களுக்குள் அடக்க முயன்றன. நீதிபதி ராசீவ் சகாய் எண்ட்லா 2016 செப்டம்பர் 16 அன்று அவ்வாதத்தை ஏற்காமல் வழக்கைத் தள்ளுபடி செய்தார். மாணவர் நூலகத்தில் அமர்ந்து கையால் எழுதிக்கொள்ளலாம் என்றால், அதையே இயந்திரத்தால் செய்வது மட்டும் எப்படிக் குற்றமாகும் என்பது அவர் கருத்தின் சாரம்.

மேல்முறையீட்டில் இரு நீதிபதிகள் அமர்வு 2016 டிசம்பர் 9 அன்று தீர்ப்பளித்தது. இத்தனை பக்கம்தான் என்ற எல்லை சட்டத்தில் இல்லை, பாடத்தின் தேவையே அளவுகோல் என்றது. ஆயினும் தொகுப்பில் சேர்த்தவை பாடத்துக்குத் தேவையானவைதாமா, முழு நூல்களை நகலெடுக்கலாமா என்பவற்றை விசாரிக்கச் சொல்லி வழக்கைத் திருப்பி அனுப்பியது. 2017 மார்ச்சில் பதிப்பகங்கள் வழக்கைத் திரும்பப் பெற்றதால் அவ்விசாரணை நடக்கவே இல்லை.

மதிப்பீடு

ஏழை மாணவர் பக்கம் நின்ற தீர்ப்பு இது. அமர்த்தியா சென் போன்ற அறிஞர்களே வழக்கைக் கைவிடுமாறு பதிப்பகங்களைக் கேட்டுக்கொண்டதும் அதன் நியாயத்தைக் காட்டும். ஆனால் 'கல்விக்கு என்றால் எதையும் நகலெடுக்கலாம்' என்று அதைச் சுருக்குவது பிழை. முழு நூல் பற்றிய கேள்வி முடிவுறவில்லை. வழக்கு காகித நகலைப் பற்றியது. முழு நூலின் மின்கோப்பை வாட்சப் குழுவில் பரப்புவதற்கு அதில் அனுமதி தேட முடியாது.

இன்னொரு வேறுபாடும் கவனிக்கப்படுவதில்லை. நகலெடுப்பது வேறு, நூலாகப் பதிப்பிப்பது வேறு. பாடத் திரட்டுகளைப் பதிப்பிப்பதற்கு 52(1)(எச்) என்ற தனிப் பிரிவு உண்டு. அதன்படி, திரட்டின் பெரும்பகுதி பதிப்புரிமை இல்லாதவையாக இருக்க வேண்டும். உரிமையுள்ள நூல்களிலிருந்து சிறு பகுதிகளையே எடுக்கலாம். அதிலும் ஒரே ஆசிரியரின் படைப்புகளிலிருந்து, ஒரே பதிப்பாளர் ஐந்து ஆண்டுகளில் இரண்டு பகுதிகளுக்கு மேல் வெளியிடக் கூடாது.

தமிழ்ச் சூழல்

இந்த இரண்டாம் பிரிவே நமக்கு நெருக்கமானது. தமிழகக் கல்லூரிகளில் பகுதி 1 தமிழுக்குச் செய்யுளும் சிறுகதையும் சேர்ந்த திரட்டுகள் அச்சிடப்பட்டு விற்கப்படுகின்றன. வாழும் எழுத்தாளரின் முழுச் சிறுகதையைச் 'சிறு பகுதி' என்று கொள்வது கடினம். அங்கே ராமேஸ்வரி தீர்ப்பு கேடயமாகாது. எழுத்தாளரிடம் அனுமதி கேட்பதே வழி. உலகப் பதிப்பகத்துக்கு ஒரு வகுப்பின் நகல்கள் சிறு இழப்பு. சில நூறு படிகள் மட்டுமே அச்சிடும் தமிழ்ப் பதிப்பாளருக்கு அந்த ஒரு வகுப்பே சந்தையாக இருக்கக்கூடும். சட்டம் இவ்விருவரையும் பிரித்துப் பார்ப்பதில்லை. ஆசிரியர்தான் பார்க்க வேண்டும்.

வத்தல்மலையிலிருந்து தருமபுரிக்கு இறங்கிச் சென்று படிக்கும் மாணவி ஒருத்தி, தேர்வுக்கு முன் ஒரு நகல் கட்டைக் கொண்டுவந்து என்னிடம் விளக்கம் கேட்டாள். முகப்புத்தாள் இல்லை, ஆசிரியர் பெயரும் இல்லை. "இத யாரு சார் எழுதுனது?" என்றாள். என்னால் சொல்ல முடியவில்லை. அந்த நகலை எடுக்க அவளுக்குச் சட்டம் இடம் தருகிறது. விலை கொடுத்து நூல் வாங்க இயலாதவளிடம் அதைப் பறிப்பது அநீதி. ஆனால் எழுதியவர் பெயரை அழிக்க எவருக்கும் உரிமை இல்லை. படைப்பாளியாக அடையாளம் காணப்படும் உரிமையைச் சட்டத்தின் 57ஆம் பிரிவு தனியே காக்கிறது.

செய்யத்தக்கவை

பாடத்துக்குத் தேவையான பகுதியை மட்டும் நகலெடுத்து, நூற்பெயர், ஆசிரியர், பதிப்பகம், ஆண்டு ஆகியவற்றை முதல் பக்கத்தில் எழுதலாம். முழு நூல் தேவையென்றால் நூலகத்துக்கு வாங்கச் சொல்லலாம். பாரதி படைப்புகளின் உரிமையை 1949இல் சென்னை மாகாண அரசு பெற்றது தொடங்கி, நாட்டுடைமையாக்கப்பட்ட தமிழ் நூல்கள் பல உள்ளன. அவற்றைத் தடையின்றிப் பயன்படுத்தலாம். ஆசிரியர் இறந்து அறுபது ஆண்டுகள் கடந்த நூல்களும் பொதுவுடைமையே. 1998 முதல் இயங்கும் மதுரைத் திட்டத்தில் பழந்தமிழ் நூல்கள் இலவசமாகக் கிடைக்கின்றன.

ராமேஸ்வரி தீர்ப்பு ஆசிரியர்களை நம்பி ஓர் உரிமையைத் தந்தது. எவ்வளவு தேவை என்ற கணக்கை அவர்களிடமே விட்டது. அந்தக் கணக்கை நாம் நேர்மையாகப் போடாவிட்டால், நாளை சட்டத்தைத் திருத்தச் சொல்வோருக்கு நாமே சான்று கொடுத்தவர்களாவோம். அப்போது இழப்பு நமக்கல்ல, மலையிறங்கி வரும் அந்த மாணவிக்குத்தான்.