உம்மா: ஒரு சொல்லும் ஏழு சிவப்புக் கோடுகளும்

என் தங்கச்சியின் பேத்தி நாலாம் ஆண்டு படிக்கிறாள். ‘எனது தாய்’ என்று பத்து வசனத்தில் ஒரு கட்டுரை எழுதிக்கொண்டு போயிருக்கிறாள். அதில் ஏழு இடத்தில் ‘உம்மா’ என்று வந்திருக்கிறது. ஏழு இடத்திலும் சிவப்புப் பேனையால் வெட்டி, மேலே ‘அம்மா’ என்று எழுதிக் கொப்பியைத் திருப்பிக் கொடுத்திருக்கிறார்கள். பிள்ளை அழவில்லை. என்னிடம் வந்து ஒன்று கேட்டாள்: “அப்பா, அப்ப வாப்பும்மாவ எப்பிடி எழுதுற?” எங்கள் குடும்பத்தில் பாட்டன் முறையானவரைத்தான் அப்பா என்போம். என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை.

அந்த ஆசிரியரை எனக்குத் தெரியும். நல்ல மனிசர். வழியில் கண்டபோது விசாரித்தேன். “சேர், அது பேச்சு வழக்குத்தானே. அம்மா எண்டதைத்தான் உம்மா எண்டு திரிச்சுக் கதைக்கிறது” என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, “அதோட அது அரபுச் சொல். தமிழ்க் கட்டுரையில அரபு வரலாமோ?” என்றும் கேட்டார். திரிந்த தமிழ் என்றால் அது அரபு அல்ல. அரபு என்றால் அது திரிந்த தமிழ் அல்ல. இரண்டு குற்றத்தையும் ஒரே சொல்லின் மேல் ஒரே நேரத்தில் சுமத்த முடியாது என்பதை அவர் கவனிக்கவில்லை.

இதைப் பள்ளிவாசல் முற்றத்தில் சொன்னபோது எங்கள் பெரியவர் ஒருவர் கோபப்பட்டார். “அது சுத்தமான அரபு. உம்மாதான் உம்மத். அதுல கை வைக்கப்படாது” என்றார். வெட்டியவரும் காக்க வந்தவரும் ஒரே நம்பிக்கையில்தான் நிற்கிறார்கள். சொல் எந்த ஊரிலிருந்து வந்தது என்று தெரிந்தால் அதை எழுதலாமா கூடாதா என்று முடிவு செய்துவிடலாம் என்பது அந்த நம்பிக்கை. அதைத்தான் இங்கே கொஞ்சம் விசாரிக்க விரும்புகிறேன்.

முதலில் பெரியவரின் கட்சி. அரபில் தாய் ‘உம்மு’. மக்காவைக் குர்ஆன் ‘உம்முல் குரா’, அதாவது ஊர்களின் தாய் என்று குறிக்கிறது. கோபத்தோடு திரும்பி வந்த மூஸா நபியை ஹாரூன் நபி தம் தாயின் மகன் என்று விளித்ததை அஃராஃப், தாஹா ஆகிய இரண்டு சூராக்களிலும் காண்கிறோம். அந்த விளியில் ‘உம்ம’ என்ற ஒலியே வருகிறது. ஆகவே அவர் சொன்னதில் பாதி சரி. ஆனால் உம்மத் வேறு சொல். அகராதியில் இரண்டும் ஒரே வேரின் கீழ் வந்தாலும் பொருள் விரிந்து போகிறது. குர்ஆனிலேயே உம்மத் பல இடங்களில் சமுதாயம். சூரா யூசுஃபில் (12:45) அது ஒரு கால அளவு. சூரா நஹ்லில் (16:120) இப்ராஹீம் நபி தனியொருவராகவே ஓர் உம்மத். சூரா அன்ஆமில் (6:38) விலங்குகளும் பறவைகளும்கூட உம்மத்துகள். ஹீப்ருவில் ‘ஏம்’ என்றால் தாய், ‘உம்மா’ என்றால் தேசம். ஐக்கிய நாடுகள் சபைக்கு அரபுப் பெயர் ‘அல்உமம் அல்முத்தஹிதா’. அந்த ‘உமம்’ உம்மத்தின் பன்மை. இந்தப் பொருள்களில் ஒன்றும் என் உம்மா அல்ல.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. அரபில் தகப்பன் ‘அபு’. எங்கள் வாயில் ‘வாப்பா’. அரபு என்பதற்காகத்தான் உம்மாவைப் பிடித்துக்கொண்டோம் என்றால், தகப்பனை ஏன் விட்டோம்? தமிழ்நாட்டு உள்ளூர்களில் ராவுத்தர் வீடுகளில் ‘அத்தா, அம்மா’ என்பார்கள். காயல்பட்டினம், கீழக்கரை போன்ற கரையூர்களில் ‘வாப்பா, உம்மா’. மலபாரின் மாப்பிளா வீடுகளிலும் ‘உம்மா’. எல்லாருக்கும் மார்க்கம் ஒன்று, தொழுகை ஒன்று. சொல்லைப் பிரித்தது கடல். கப்பல் போய்வந்த கரைகளில் இந்தச் சொல் தங்கியிருக்கிறது. வணிகரின் ‘உம்மு’வும் கரையூர்த் தாய்மாரின் ‘அம்மா’வும் ஒரே வீட்டில் சந்தித்தபோது பிள்ளையின் வாயில் நின்றது ‘உம்மா’ என்பது என் கணிப்பு.

இனி ஆசிரியரின் கட்சி. அம்மா தூய தமிழ், உம்மா திரிபு என்கிறார். ஆனால் ‘அம்மா’ தமிழுக்கு மட்டும் சொந்தமல்ல. தெலுங்கிலும் கன்னடத்திலும் அதே சொல். பாளியில் உண்டு. சிங்களப் பிள்ளையும் ‘அம்மே’ என்றுதான் கூப்பிடுகிறது. இன்றைய ஈராக்கில் களிமண் பலகைகளில் எழுதப்பட்ட அக்காடிய மொழியில் தாய்க்கு ‘உம்மு’. அதே மொழியின் கடிதங்களில் ‘உம்மா’ என்று தொடங்கினால் ‘இன்னார் சொல்வதாவது’ என்று பொருள். அதே மண்ணில் ‘உம்மா’ என்றொரு சுமேரிய நகரமும் இருந்தது. கொரிய நாடகம் பார்க்கிற எங்கள் குமர்ப்பிள்ளைகள், கொரியர்களும் தாயை ஏறக்குறைய ‘ஓம்மா’ என்கிறார்கள், தகப்பனை ‘அப்பா’ என்கிறார்கள் என்று வியக்கிறார்கள். சிலர் உடனே கொரிய மொழி தமிழிலிருந்து பிறந்தது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள்.

அவசரம் வேண்டாம். 1950களின் இறுதியில் மானிடவியலாளர் மேர்டொக் உலகமெங்குமிருந்து தாய் தகப்பனைக் குறிக்கும் 1,072 சொற்களைத் திரட்டினார். அதை வைத்து மொழியியலாளர் றோமன் யாக்கோப்சன் ஒரு விளக்கம் தந்தார். உதட்டை மூடி மூக்கால் விடும் ‘ம்’ ஒலி, பால் குடிக்கும் குழந்தை வாயெடுக்காமலே எழுப்பக்கூடியது. அந்த முனகலைத் தாய் தன் பெயராக எடுத்துக்கொள்கிறாள். ஆகவே தொடர்பே இல்லாத மொழிகளிலும் ‘ம்’ தாயிடம் போய்ச் சேர்கிறது. விதிவிலக்கும் உண்டு. ஜோர்ஜிய மொழியில் ‘மாமா’ என்றால் தகப்பன், ‘தேதா’ என்றால் தாய். ஒலி ஒன்றாக இருப்பது உறவுக்குச் சாட்சி ஆகாது. ‘தாத்தா’ தமிழில் பாட்டன், சிங்களத்தில் தகப்பன், எங்களில் சில ஊர்களில் மூத்த சகோதரி.

‘உம்மா’வுக்கும் அப்படி இன்னொரு வாழ்க்கை உண்டு. தமிழ்நாட்டில் குழந்தையிடம் ‘ஒரு உம்மா தா’ என்றால் முத்தம். சிங்களத்திலும் மலையாளத்திலும் அப்படியே. நாங்கள் சின்ன வயதில் தமிழ்ப் படம் பார்த்துவிட்டு வந்து இதைச் சொல்லிச் சிரித்திருக்கிறோம். சிரித்தோமே தவிர, ஒருநாளும் குழம்பவில்லை. இடம் பார்த்துப் பொருள் விளங்கியது.

சொல்லின் ஊரைத் தேடுவது ஏன் இவ்வளவு சூடான விஷயமாகிறது? இதற்கு இலங்கையில் பழைய கதை ஒன்று உண்டு. 1888இல் பொன்னம்பலம் இராமநாதன் மொழி, வழக்கங்கள், உடலமைப்பு ஆகியவற்றைக் காட்டி, இலங்கைச் சோனகர் இனத்தால் தமிழரே என்று வாதிட்டார். 1907இல் ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் அதை மறுத்து எழுதினார். அந்த விவாதத்தின் பின்னாலிருந்த அரசியலை இங்கே விரிக்கவில்லை. என் குறை ஒன்றுதான். அன்று தொடங்கிய பழக்கத்தால் எங்கள் வீட்டுச் சொற்கள் பிறப்புச் சான்றிதழாகிவிட்டன. ஒருவர் ‘உம்மா’வில் அம்மாவைக் கண்டு எங்களைத் தமிழர் என்கிறார். மற்றவர் அதில் உம்முவைக் கண்டு அரபியர் என்கிறார். அந்தச் சொல்லால் ஒருவரைக் கூப்பிடுகிறோம் என்பதை இரண்டு பேரும் மறந்துவிடுகிறார்கள்.

1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கின் ஐந்து மாவட்டங்களிலிருந்தும் முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். சுமார் 75,000 பேர் இடம்பெயர்ந்தோம். முல்லைத்தீவிலிருந்து எங்கள் குடும்பமும் கிளம்பியது. தமிழ் பேசியது அன்று எங்களைக் காப்பாற்றவில்லை. புத்தளத்தில் ஓலைக் கொட்டிலில் இருந்தபோது, எங்கள் ‘எண்டு’வையும் ‘கதைக்கிற’தையும் கேட்டு அங்கத்தைய பிள்ளைகள் சிரித்தார்கள். எங்கள் பிள்ளைகள் மெல்ல மெல்ல அந்த ஊர்ப் பேச்சுக்கு மாறினார்கள். திரும்பி வன்னிக்கு வந்தபோது அந்தப் பேச்சுக்கு இங்கே சிரித்தார்கள். போகும்போதும் வரும்போதும் மாற்ற வேண்டி வராத சொற்கள் எங்களிடம் கொஞ்சம்தான் இருந்தன. அதில் ஒன்று உம்மா. அந்தச் சிவப்புக் கோடு என்னை ஏன் இவ்வளவு உறுத்தியது என்பதற்கு இதைவிட வேறு விளக்கம் என்னிடம் இல்லை.

எங்கள் எழுத்தாளர்களிடமும் பதிப்பிப்பவர்களிடமும் ஒரு வார்த்தை. முஸ்லிம் வீட்டுக் கதைகளில் ‘உம்மா’ வந்தவுடன் பக்கத்தில் அடைப்புக்குறி போட்டு ‘அம்மா’ என்று எழுதுகிற வழக்கம் இன்னும் போகவில்லை. வாசகர் மேல் கருணை என்கிறார்கள். அந்த அடைப்புக்குறியும் மெல்லிய சிவப்புக் கோடுதான். ‘இது உங்கள் மொழி அல்ல, நான் மொழிபெயர்த்துத் தருகிறேன்’ என்று அது தமிழ் வாசகரிடம் சொல்கிறது. வைக்கம் முகம்மது பஷீரின் ‘பாத்தும்மாவின் ஆடு’ 1959இல் வந்தது. அதில் தாய் உம்மாவாகவே இருக்கிறார். மலையாளத்தில் அந்தச் சொல்லுக்கு முத்தம் என்ற பொருளும் இருந்தும் வாசகர் தடுக்கி விழவில்லை. தமிழ் வாசகர் மட்டும் தடுக்கி விழுவார் என்று நினைப்பது அவரைக் குறைத்து மதிப்பிடுவதாகும். இரண்டாவது பக்கத்தில் உம்மா யார் என்பது அவருக்குத் தெரிந்துவிடும்.

நான் இதையெல்லாம் எழுதிக்கொண்டுபோய் ஆசிரியரிடம் கொடுக்கலாம் என்றுதான் இருந்தேன். பிள்ளையின் உம்மாவே தடுத்துவிட்டாள். “வேணாம் மாமா. அடுத்த வருஷம் ஸ்கொலர்ஷிப் சோதினை. அம்மா எண்டே எழுதிட்டுப் போகட்டும். புள்ளி போச்செண்டா ஆரு தாறது?” என்றாள். உம்மா என்று அழைக்கப்படுகிறவளே அதை எழுத வேண்டாம் என்கிறாள். அவளில் பிழை காண எனக்கு மனம் வரவில்லை. கொட்டிலில் வளர்ந்த பிள்ளை அவள். புள்ளியின் விலை அவளுக்குத் தெரியும்.

போன கிழமை பேத்தியின் கொப்பியை மறுபடியும் பார்த்தேன். புதிய கட்டுரை. உம்மாவும் இல்லை, அம்மாவும் இல்லை. தொடக்கம் முதல் கடைசி வரை ‘எனது தாய்’ என்றே எழுதியிருந்தாள். ஒரு சிவப்புக் கோடும் இல்லை.