கரும்புக் கொல்லைப் பாட்டு

1980-ஆம் ஆண்டுகளின் பாப், ராக் இசைத்தட்டுகளைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் விற்பனைப் பட்டியலையே உரைகல்லாகக் கொள்கின்றனர். அவ்வுரைகல்லில் தேறாத குழுக்களுள் ஒன்று 'கோ-பிட்வீன்ஸ்'. ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரில், ராபர்ட் ஃபார்ஸ்டர், கிராண்ட் மெக்லென்னன் என்னும் பல்கலைக்கழக மாணவர் இருவர் 1977-இல் இதனைத் தோற்றுவித்தனர். ஆறு இசைத்தட்டுத் தொகுதிகளை வெளியிட்டும் பெருவெற்றி காணாது 1989-இல் பிரிந்தனர்.

'ஏட்டுப் படிப்பு மிகுந்தவர். ஆதலின் மக்கள் ஏற்றிலர்' என்று இவர்களைத் தள்ளிவிடுவது வழக்கமாகிவிட்டது. இக்கூற்றுப் பொருந்துமா? 1983-இல் வெளிவந்த 'கேட்டில் அண்ட் கேன்' என்னும் பாட்டினை நோக்குக. மெக்லென்னன் லண்டனில் இருந்தபோது இயற்றியது இது. இளமையிலேயே தந்தையை இழந்தவர் அவர். ஆயினும், 'ஏங்குகின்றேன்' என்று வாய்விட்டுச் சொல்லும் அடி ஒன்றும் பாட்டில் இல்லை. குயின்ஸ்லாந்தின் கரும்புக் கொல்லைகளூடே வீடு திரும்பும் பள்ளிச் சிறுவன் வருகின்றான், தந்தையின் கைக்கடிகாரம் வருகின்றது, அவ்வளவே. நிலத்தையும் கருப்பொருளையும் காட்டி, உரிப்பொருளைக் கேட்போர் நெஞ்சிற்கு விட்டுவிடும் இம்முறை, அகப்பாட்டுக் கற்பிக்கும் ஆசிரியர்க்குப் புதிதன்று. (அவ்விளைஞர்கள் தொல்காப்பியம் கண்டவர் அல்லர், ஒப்புமை ஒப்புமையாகவே நிற்கட்டும்.)

தாளமும் நோக்கத்தக்கது. பாட்டின் அடிகள் 11 எண்ணிக்கையில் சுழல்கின்றன. திச்ர ஜாதித் துருவ தாளம் அறிந்தார்க்கு, உட்பிரிவு வேறாயினும், அஃது அஞ்சத்தக்க எண் அன்று. நான்கு நான்காக எண்ணிப் பழகிய ராக் செவிக்கோ சுற்றுதோறும் கால் இடறும். நினைவும் அவ்வாறு தடுக்கித் தடுக்கித்தானே வருகின்றது! லிண்டி மாரிசன் என்னும் அம்மையார் முழவை ஆரவாரமின்றி இயக்கி அவ்விடறலைக் காக்கின்றார். சீராக்கியிருந்தால் பாட்டு இறந்திருக்கும்.

கடினமே தோல்விக்குக் காரணம் என்பார்க்கு மறுப்பு 1988-இல் கிடைத்தது. அவ்வாண்டின் '16 லவர்ஸ் லேன்' தொகுதியே இவர்தம் சிறந்த படைப்பு என்பர் பலர். மெருகு சற்று மிகை எனலாம். அதிலுள்ள 'ஸ்ட்ரீட்ஸ் ஆஃப் யுவர் டவுன்' எவரும் ஒருமுறை கேட்டு முணுமுணுக்கத்தக்க எளிய பாட்டு. அதுவும் பிரிட்டனின் முதல் 75 இடங்களுள் புகவில்லை. எளியதும் தோற்றதெனின், குற்றத்தைப் படிப்பின்மேல் ஏற்றுவது எங்ஙனம்?

பிரிஸ்பேன் ஆற்றின் குறுக்கே 2010-இல் திறக்கப்பெற்ற பாலத்திற்கு, மக்கள் வாக்களித்து இக்குழுவின் பெயரையே தேர்ந்தனர். மெக்லென்னன் அதனைக் காணவில்லை. 2006-இல், 48-ஆம் அகவையில் மறைந்துவிட்டார்.