கோத்தா திங்கியில் சோழர் தடம்: தன்னார்வத் தொல்லியலும் தமிழாசிரியர் கடமையும்

முன்னுரை

ஜொகூர் மாநிலத்தைச் சேர்ந்த கோத்தா திங்கி, மலேசியத் தமிழரின் வரலாற்று உரையாடல்களில் பெரிதும் பேசப்பட்டது 2005ஆம் ஆண்டிலாகும். ஜொகூர் ஆற்றின் தலைப்பகுதிக் காட்டினுள் கோத்தா கெலாங்கி என்னும் பழைய நகரம் மறைந்து கிடக்கலாம் என ஆய்வாளர் ரைமி செ ரோஸ் முன்வைத்த கருத்து அவ்வாண்டு பிப்ரவரித் திங்களில் நாளேடுகளில் வெளிவந்தது. முதலாம் இராசேந்திர சோழனின் 1025ஆம் ஆண்டுக் கடல்கடந்த படையெடுப்போடு அந்நகரை இணைத்துக் காணும் கருத்தும் உடன் பரவியது. அரசு அமைத்த ஆய்வுக் குழுவினர் அப்பகுதியில் தேடியும் நகரத்தின் தடயம் எதுவும் கிட்டவில்லை என்னும் அறிவிப்பு 2006 ஏப்ரலில் வந்தது. எனினும் சோழர் நகரம் என்னும் நம்பிக்கை நம்மிடையே முற்றிலும் தணிந்ததாகத் தெரியவில்லை.

இந்நிலையில், உள்ளூர்த் தொல்லியல் குழுக்களில் தன்னார்வலராகச் சேரும் தமிழாசிரியரும் மாணவரும் எதைத் தேட வேண்டும், எவ்வாறு தேட வேண்டும் என்னும் வினாவை இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

இரண்டு சான்றுகள், இரண்டு அவைகள்

கோத்தா கெலாங்கிக் கருத்துக்கு அடிப்படையாக அமைவது 'செஜாரா மெலாயு'. இந்திய நாட்டிலிருந்து பெரும்படையோடு வந்த அரசன் ஒருவன் கங்கா நகரை வென்றபின் ஜொகூர் ஆற்றின் மேற்பகுதியிலிருந்த கருங்கற் கோட்டையையும் வென்றதாக அந்நூல் கூறுகிறது. அந்நகரின் பெயருக்குச் சயாம் மொழியில் மணிகளின் கருவூலம் என்பது பொருள் என்றும் விளக்குகிறது. அந்நூலின் ஒரு வடிவம் 1612ஆம் ஆண்டைக் குறிப்பிடும் முன்னுரையைக் கொண்டது. அது உருப்பெற்ற ஜொகூர் அரசவை இதே ஆற்றங்கரையில் இருந்தது. தம் ஆற்றின் தலைப்பகுதிக்குத் தொன்மை தேடுவது அவ்வவைக்கு இயல்பே. ஆகவே கதை முழுவதும் புனைவு என்று தள்ளவும் இயலாது. படையெடுப்புக்கு நேர்ச்சான்று என்று கொள்ளவும் இயலாது. கதை சொல்லும் படையெடுப்புக்கும் நூல் தோன்றிய காலத்திற்கும் இடையே ஏறத்தாழ ஆறு நூற்றாண்டுகள் உள்ளன.

மறுபுறம் இராசேந்திரனின் மெய்க்கீர்த்தி காலத்தால் நெருங்கிய சான்று. அது ஸ்ரீவிசயம் தொடங்கிக் கடாரம் ஈறாகப் பதின்மூன்று இடங்களை எண்ணுகிறது. பண்ணை, மலையூர், இலங்காசோகம், மாதமாலிங்கம், தலைத்தக்கோலம், இலாமுரிதேசம், மாநக்கவாரம் ஆகியன அவற்றுட் சில. இவற்றுள் எதுவும் ஜொகூர் ஆற்றைக் குறிப்பதாக நிறுவப்படவில்லை. மெய்க்கீர்த்தியும் அவை சார்ந்த புகழுரையே. வென்றதை அது கூறும். வென்ற பின்னர் அங்கே தங்கி நகரமைத்ததாக அது கூறவில்லை. மலாய் நூலில் கோட்டை உண்டு, சோழன் பெயர் தெளிவாக இல்லை. தமிழ்க் கல்வெட்டில் சோழன் உண்டு, அக்கோட்டை இல்லை. இவ்விரண்டையும் ஒட்டவைத்து மூன்றாவதாக ஒரு வரலாற்றை உருவாக்குவது ஆய்வாகாது.

களம் கற்பிப்பது

ஜொகூர் ஆறு சான்று குறைந்த இடமன்று. ஆற்றின் கீழ்ப்பகுதியிலுள்ள ஜொகூர் லாமா 1587இல் போர்த்துக்கீசியரால் அழிக்கப்பட்ட தலைநகரம். அங்கே 1950களிலும் 1960இலும் அகழாய்வுகள் நடைபெற்றன. அதற்கு முன்பே, ஜொகூரில் சுங்க அதிகாரியாகப் பணியாற்றிய ஜெரால்டு கார்ட்னர் தம் ஓய்வு நேரத்தில் இவ்வாற்றங்கரையில் பழைய மணிகளைத் திரட்டினார். உரோமப் பேரரசோடு மலாயாவுக்கு இருந்த கடல்வழித் தொடர்புக்கு அவற்றைச் சான்றாக்கி 1937இல் கட்டுரை எழுதினார். தன்னார்வலரின் பலமும் பலவீனமும் இவ்வொரு நிகழ்ச்சியிலேயே புலப்படுகின்றன. பிறர் காணாததை அவர் கண்டார்; ஆனால் மணி பல கைகள் மாறி வரும் பொருள். எந்த மண்ணடுக்கில், எவற்றோடு கிடந்தது என்பது தெரியாதபோது, அதைக் கொண்டுவந்தவர் யார் என்பதை அது சொல்லாது.

யாம் மாணவர் சிலரோடு இவ்வாற்றங்கரையில் ஓர் ஆர்வலர் குழுவின் மேற்பரப்பாய்வில் பங்குகொண்டோம். தோண்டுவதற்கு எவருக்கும் அனுமதியில்லை; 2005ஆம் ஆண்டுத் தேசிய மரபுடைமைச் சட்டப்படி அகழாய்வுக்கு முறையான ஒப்புதல் வேண்டும். நடந்து பார்ப்பது, படமெடுப்பது, இடத்தைக் குறிப்பது ஆகியனவே எம் பணி. நீல வண்ணம் தீட்டிய பீங்கான் ஓட்டுத்துண்டு ஒன்றைக் கண்ட மாணவர், "ஐயா, இது சோழர் காலமா?" என்று வினவினார். அது சோழருக்குப் பல நூற்றாண்டுகள் பிற்பட்ட சீனப் பீங்கான் என்று குழுவினர் விளக்கியபோது அவர் முகம் வாடியது. அவ்வாட்டத்திற்கு அவர் பொறுப்பல்லர். எதைக் காண வேண்டும் என்பதை முன்னரே கற்பித்து அனுப்பிய யாமே பொறுப்பு. அன்று குறிப்பேட்டில் 'கண்டது', 'கருதுவது' என இரு பத்திகள் வகுத்து எழுதச் செய்தோம்.

எவரும் தேடாத கல்வெட்டுகள்

சோழரைத் தேடும் நாம், அதே வட்டாரத்தில் நம் கண்முன் அழியும் தமிழ்ச் சான்றுகளைக் கடந்து போகிறோம். இரப்பர்த் தோட்டங்கள் செம்பனைக்கு மாறின, மக்கள் நகரங்களுக்குப் பெயர்ந்தனர், லயங்கள் இடிக்கப்பட்டன. தோட்டக் கோயிலின் மணியிலும் குத்துவிளக்கிலும் உபயம் என்னும் சொல்லோடு பொறித்த பெயர்கள், இடுகாட்டுக் கல்லில் வெட்டிய ஊரும் ஆண்டும், சிதைந்த சம்பளப் பதிவேடுகள் ஆகியவற்றை எவர் படியெடுத்துள்ளனர்? கொடையாளரின் பெயரும் ஊரும் கொடைப்பொருளும் கூறும் சோழர்காலக் கோயிற் கல்வெட்டை நாம் போற்றுகிறோம். கூலித் தொழிலாளி தன் ஊதியத்தில் மிச்சம் பிடித்துச் செய்தளித்த மணியின் வாசகமும் அமைப்பால் அதே வகையைச் சேர்ந்ததே. இவற்றைப் படிக்கத் தமிழ் அறிந்த கண்கள் வேண்டும். தொல்லியல் குழுக்களில் பிறரால் இயலாத, நம்மால் மட்டுமே இயலும் பணி இதுவே.

தமிழகத்தின் கீழடி இங்கு நினைக்கத்தக்கது. அங்கே 1970களில் கிணறு வெட்டியபோது வெளிப்பட்ட பொருள்களின் அருமையை உணர்ந்து அறிவித்தவர் ஒரு பள்ளி ஆசிரியர். இந்தியத் தொல்லியல் துறையின் அகழாய்வு 2015இல்தான் அங்கே தொடங்கியது. புதிதாகக் கண்டறியப்படும் கல்வெட்டுகளைத் தமிழகத் தொல்லியல் கழகம் தன் 'ஆவணம்' இதழில் வெளியிட்டு வருகிறது. கண்டதைக் கண்டவாறு அறிவித்துக் காத்திருக்கும் பொறுமையே இம்மரபின் அடிப்படை.

முடிவுரை

கோத்தா கெலாங்கி நாளை வெளிப்படலாம், வெளிப்படாமலும் போகலாம். இரண்டுக்கும் ஆயத்தமாக இருப்பதே ஆய்வாளர் நிலை. ஒரு நகரம் கிட்டவில்லை என்பதால் இந்நாட்டில் தமிழரின் தொன்மை குறைந்துவிடாது. கிட்டாத நகரத்தைக் கிட்டியதாகச் சொன்னால், கிட்டியிருக்கும் சான்றுகளின் மீதும் ஐயம் விழும். தமிழாசிரியர்கள் தம் மாணவரோடு அருகிலுள்ள ஒரு தோட்டக் கோயிலுக்குச் சென்று, அங்குள்ள மணியின் வாசகத்தை எழுத்துப்பிழையும் திருத்தாமல் படியெடுத்து, இடமும் நாளும் குறித்து வைப்பார்களாயின், அதுவே கோத்தா திங்கியின் தமிழ்த் தொல்லியலுக்குத் தக்க தொடக்கமாகும்.